மூன்றாவது குட்டி

எங்கள் பெரியப்பா பூனையைப் பற்றிப் பேசினால் கேட்கிறவர்கள் அழுதுவிடுவார்கள். கேலிக்குச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்தர வீதியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் நாலு மணிக்குக் காலட்சேபம் நடக்கும். பெரியப்பா மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குச் சம்ஸ்கிருதம் சொல்லிக் கொடுத்துத் தொண்டை வறண்டு வீடு திரும்புகிற சாதாரண வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பாசுரத்துக்கு அர்த்தம் சொல்ல மணையில் உட்கார்ந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். குரலே மாறிவிடும்.

அவர் பூனைக் கட்சி. எதிர் வீட்டு மாமா குரங்குக் கட்சி. ஸ்ரீரங்கத்துக் குழந்தைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தன் கையாலேயே இறுகப் பிடித்துக்கொண்டு போகும். பக்தன் பகவானை அப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பார் எதிராத்து மாமா. பூனைக்குட்டி எதையும் பிடித்துக்கொள்ளாது. கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். தாயே தேடி வந்து கழுத்தைக் கவ்விப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், கிடந்தால் போதும், அவன் வருவான் என்பார் பெரியப்பா. 'அவன் வருவான்' என்று அவர் சொல்லும் இடத்தில்தான் மாமிகள் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எதிராத்து மாமாவும் ஞாயிறு தவறாமல் வருவார், வாதம் செய்வதற்கென்றே. அவர் கண் மட்டும் கலங்காது.

இந்தப் பெரியப்பாவின் வீட்டுக் கொல்லையில் ஒரு பூனைக்குட்டி ஒன்றரை நாள் மழையில் கிடந்தது. ஒருவரும் தொடவில்லை. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்களே, அது எங்கள் வீட்டைப் பார்த்துச் சொன்னதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. இன்றைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கோபம் முழுக்க ஆறிவிட்டது என்று சொன்னால் பொய்.

நான் அந்த வீட்டுக்கு எப்படி வந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதுவும் எனக்குக் கோபமான விஷயம்தான். அப்பாவுக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. அண்ணனையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு அப்பாவும் அம்மாவும் போனார்கள். கடைக்குட்டியான என்னை விட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு இழுப்பு உண்டு. மழை, பனி என்றால் மூச்சு விசில் அடிக்கும். வடக்கே குளிர் தாங்காது, ஒரு வருஷம் ஸ்ரீரங்கத்தில் இருக்கட்டும், உடம்பு தேறினதும் அழைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தபோது அண்ணனும் அக்காவும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வருஷம் என்றது இரண்டாவது வருஷத்தில் பாதியையும் தாண்டிவிட்டது.

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் குழந்தை கிடையாது. தெருவில் யாராவது என் தலையைத் தடவி, "இனிமே இது உங்காத்துப் பொண்ணுதானே?" என்று பெரியம்மாவிடம் கேட்பார்கள். ஒரு தடவையாவது, மரியாதைக்காவது, ஆமாம் என்று சொல்ல வேண்டுமே! மாட்டாள். "இல்லை, அவம்மா வருவா. அவாத்துக் குழந்தை" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். எனக்கு அழுகையாக வரும். அம்மாவும் விட்டுவிட்டுப் போனாள், இவளும் வேண்டாம் என்கிறாள் என்றால் நான் யாராத்துக் குழந்தை?

போதாததற்குப் பெரியம்மாவின் மடி ஆசாரம் வேறு. விடிவதற்கு முன் தலையோடு குளித்து, கொடியில் உயரக் காயப்போட்ட புடவையைக் கோலால் எடுத்துக் கட்டிக்கொண்டு தளிகை உள்ளான சமையலறைக்குள் நுழைந்தாள் என்றால், பெருமாளுக்கு அமுது காட்டி முடிகிற வரையில் ஒரு ஈ கூட அவள் மேல் உட்காரக் கூடாது. பள்ளிக்கூடத்து உடுப்போடு இருக்கிற என்னைக் கண்டால் இரண்டடி தள்ளித்தான் நிற்பாள். அவள் கை என் மேல் படுவது சாயங்காலம் தலை பின்னிவிடும்போது மட்டும்தான். அதுவும் மண்டை வலிக்கிற மாதிரி இழுத்துப் பின்னுவாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். கிணற்றடிக்கு அந்தப் பக்கம் விறகுக் கொட்டிலில் ஒரு ஊர்ப் பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. இரண்டு கறுப்பு, ஒன்று சந்தன நிறம். பத்து நாளாக நான் தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் கொட்டிலின் ஓடு சரிந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. தாய்ப்பூனை எழுந்தது. பெரியப்பா சொன்னாரே, அப்படியே, அட்சரம் பிசகாமல் ஒரு கறுப்பைக் கழுத்தில் கவ்விக்கொண்டு மதில் ஏறிப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து இரண்டாவது கறுப்பையும் எடுத்துக்கொண்டு போயிற்று. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓடிப்போய்ப் பெரியப்பாவை அழைத்து வந்தேன். "வாங்கோ, பெரியப்பா, நீங்க சொன்ன பூனை வந்திருக்கு" என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். அவரும் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். நாங்கள் இருவரும் மதிலைப் பார்த்தபடி மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தோம்.

பூனை வரவில்லை.

சந்தன நிறக் குட்டி நனைந்து சுள்ளிகளுக்கு நடுவே கிடந்து கத்தியது. அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு பெரிய சத்தம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. நான் அதை எடுக்கக் குனிந்தேன். பெரியப்பா அதட்டினார்.

"தொடாதே! மனுஷ வாசனை பட்டா தாய் சேத்துக்காது. வருவாடி. ஒரு வாயால எத்தனையைத் தூக்குவா? ஒவ்வொண்ணாத்தானே எடுத்துண்டு போகணும்?"

நியாயமாகத்தான் இருந்தது. காத்திருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து காத்திருந்தேன். பெரியப்பாவும் அரை மணிக்கு ஒருதரம் குடையோடு கொல்லைக்கு வந்து மதிலைப் பார்த்துவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவையும் "வருவா, வருவா" என்றார். குட்டியைத் தூக்கி உள்ளே வைக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் தூக்கிவிட்டால் தாய் வரமாட்டாள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? முப்பது வருஷமாகக் கூடத்தில் சொன்னதற்குக் கொல்லையில் பங்கம் வந்துவிடும். அதனால் அவரும் தூக்கவில்லை, என்னையும் தூக்க விடவில்லை. பூனையைப் பற்றி ஒன்றுமே தெரியாத வீடாக இருந்தால் அது பத்து நிமிஷத்தில் அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்திருக்கும். எங்கள் வீட்டில் பூனையைப் பற்றி அளவுக்கு மீறித் தெரிந்திருந்தது.

பெரியம்மாவிடம் பால் கேட்டேன். தளிகை உள்ளின் வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் கேட்டேன்.

"ஒண்ணும் வைக்காதே" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "பால் வெச்சா அந்தச் சனியன் நம்மாத்துலயே நின்னுடும். பெத்தவ வருவா."

பெத்தவ வருவா, பெத்தவ வருவா! அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில்தான். ராத்திரி முழுக்க மழை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தபோது குட்டி கத்தவில்லை, முனகிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்கு மேல் வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. நான் கிழிந்த கோணிச் சாக்கு ஒன்றை விரலே படாமல் குச்சியால் தள்ளி அதன் மேல் மூடினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அதற்கே பெரியப்பா பார்த்துவிடுவாரோ என்று பயம்.

அன்றைக்குப் பார்த்துக் காலட்சேபத்தில் ஒரு பகுதி முடிகிற நாள், சாற்றுமுறை. கூட்டம் அதிகம். கூடம் நிரம்பி ரேழி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்களுக்குக் கொடுக்கப் பெரியம்மா இரண்டாம் முறை குளித்து மடியோடு அக்காரவடிசில் கிளறிக்கொண்டிருந்தாள். பால் சுண்டுகிற வாசனை கூடம் முழுக்க வந்தது. கொல்லையில் ஒரு குட்டி பாலுக்கு வாயைத் திறக்கிறது, இங்கே படி படியாகப் பால் காய்கிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருந்தேன்.

பெரியப்பா மற்ற எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆனால் கூட்டத்தைப் பார்த்த உற்சாகமோ, பழக்கதோஷமோ, நேரே பூனைக்கே வந்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அது ஒண்ணுமே பண்ண வேண்டாம். கெடந்தாப் போறும். அவன் வருவான்" என்றார். மாமிகள் தலைப்பை எடுத்தார்கள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"பெரியப்பா, தாய்ப்பூனை ரெண்டை எடுத்துண்டு போயிடுத்து. மூணாவதுக்கு வரவே இல்லை. நேத்திலேர்ந்து அது கொல்லைல கெடக்கு. நீங்க சொன்ன மாதிரி ஒண்ணும் பண்ணாமத்தான் கெடக்கு. அது என்ன தப்பு பண்ணித்து?"

பெரியப்பா கண்ணைத் திறந்தார். எப்பேர்ப்பட்ட கேள்விக்கும் சுலோகத்தோடு பதில் வைத்திருப்பவர் வாயைத் திறந்து மூடினார். எனக்கு ஆவேசம் தலைக்கேறிவிட்டது.

"அப்போ நான் எதிராத்து மாமா கட்சி. கொரங்குக்குட்டியாவது தானே பிடிச்சுக்கும். அதை யாரும் விட்டுட்டுப் போக முடியாது" என்றேன்.

பூனைக் கட்சி வீட்டுப் பெண், பெரியப்பா மணையில் இருக்கும்போதே, அத்தனை பேர் முன்னால் கட்சி மாறிவிட்டேன். எதிராத்து மாமா இந்த ஒரு நாளுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தாரோ! அவர் துள்ளி எழுந்து கை தட்டுவார் என்று நினைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. யாரும் அதட்டவில்லை. யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த மாமி என்னை இழுத்து மடியில் உட்கார்த்திக்கொண்டு "ஐயோ, கொழந்தே" என்று அழ ஆரம்பித்தாள். இன்னும் நாலு பேர் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். இவர்களுக்குப் புத்தி இருக்கிறதா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. குட்டி கொல்லையில் கிடக்கிறது, இவர்கள் என்னைப் பார்த்து எதற்கு உச்சுக் கொட்டுகிறார்கள்? ஒருவர்கூட எழுந்து கொல்லைப் பக்கம் போகவில்லை. நான் மாமியின் கையைப் பிய்த்துக்கொண்டு ஓடினேன்.

விறகுக் கொட்டிலில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். மடிப் புடவையோடு, சேற்றில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சந்தன நிறக் குட்டி. பக்கத்தில் பால் கிண்ணம். விளக்குக்காகத் திரித்து வைத்திருந்த பஞ்சுத்திரியைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அக்காரவடிசிலுக்கு வைத்திருந்த பால் அது. பெருமாளுக்கு இன்னும் காட்டாத பால். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய அபசாரம் ஒன்றைக் கற்பனை செய்யக்கூட முடியாது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"என்ன பாத்துண்டு நிக்கறே? போய் இன்னொரு திரி எடுத்துண்டு வா. சனியன், உறிஞ்சக்கூடத் தெரியலை இதுக்கு" என்றாள். அவள் மூக்கு சிவந்திருந்தது. விறகுப் புகை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று அக்காரவடிசில் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. பெரியம்மா மறுபடி குளித்து, வேறு மடி கட்டி, கிளறி முடித்தாள். பெரியப்பா என்னை அடிப்பார் என்று இரண்டு நாள் பயந்தேன். அடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து காலட்சேபத்தில் பூனை வருகிற இடம் வந்தால் கனைத்துக்கொண்டு அடுத்த பாசுரத்துக்குத் தாவிவிடுவார். என் கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை. இத்தனை வருஷத்தில் வேறு யாரும் சொல்லவுமில்லை.

குட்டி பிழைத்துக்கொண்டது. எனக்குப் பெரியம்மா மேல் நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேற்றே அந்தத் திரியை நனைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்றுதான் தோன்றியது. அதோடு, பிழைத்த பிறகும் அவள் பழைய பாட்டையே பாடினாள். "இது நம்ம பூனை இல்லை. அவ வந்தா குடுத்துடணும்." சொன்னதோடு நிற்கவில்லை. தினம் விளக்கு வைக்கிற நேரத்தில் குட்டியை ஒரு கூடையில் போட்டு, கொட்டில் கதவைத் திறந்து வைத்து, தாய்ப்பூனை வந்தால் கண்ணில் படும்படி வைப்பாள். அரை மணி நேரம் அப்படி இருக்கும். பிறகு "இன்னிக்கும் வரலை" என்று எடுத்துக்கொண்டு வருவாள். என் குட்டியைத் தொலைத்துக் கட்டுவதற்கு இப்படி ஒரு பிடிவாதமா என்று நான் பொருமுவேன். அவள் அதைச் சனியன் என்றாள். நான் குட்டி என்றேன். அது இரண்டுக்கும் வந்தது.

மார்கழியில் ஒரு விடியற்காலை தாய்ப்பூனை நிஜமாகவே வந்துவிட்டது. பெரியம்மா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். நான் பல் தேய்க்க வந்தவள் மதிலில் அதைப் பார்த்துவிட்டுக் குட்டியை மறைக்கப் பாய்ந்தேன். பெரியம்மா என்னைத் தடுத்துவிட்டாள். ஈரப் புடவையோடு போய்க் குட்டியைத் தூக்கித் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு, பின்னாலேயே நடந்து வந்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாய்ப்பூனை இறங்கி வந்தது. முகர்ந்தது. குட்டி அதன் வயிற்றில் முட்டியது. தாய் புஸ்ஸென்று சீறி, ஒரு அறை வைத்துவிட்டு, மதில் ஏறிப் போய்விட்டது.

பெரியம்மா என் கையை விட்டாள். "போடி, போ. உனக்குக் குடுத்து வெக்கலை" என்றாள் மதிலைப் பார்த்து. அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. என் குட்டியைத் தாரை வார்க்கப் பார்த்துவிட்டுச் சிரிப்பு வேறா என்று நான் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. அன்றிலிருந்துதான் அவள் கூடையைக் கொட்டிலில் வைப்பதை நிறுத்தினாள். குட்டி கூடத்துக்கு வந்தது. பிறகு தளிகை உள்ளின் வாசற்படி வரைக்கும் வந்தது. மடிப் புடவையில் வால் பட்டுவிட்டது என்று பெரியம்மா வாரத்தில் நாலு நாள் இரண்டு தடவை குளித்தாள். திட்டிக்கொண்டேதான் குளித்தாள். நாலரை மணிக்கு நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இருவரும் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். நான் ஓடி வருவது குட்டிக்காக என்று பெரியம்மாவுக்கும் தெரியும். பையை எறிந்துவிட்டு அதைத்தான் முதலில் தூக்குவேன்.

பங்குனிக் கடைசியில் நாக்பூரிலிருந்து கடிதம் வந்தது. எனக்குக் கடைசியாக இழுப்பு வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது, அதனால் பள்ளிக்கூடம் மூடியதும் வந்து அழைத்துப் போவதாக அம்மா எழுதியிருந்தாள். நான் கூடத்தில் குதித்தேன். பெரியப்பா கடிதத்தை இரண்டாம் தடவை படித்தார். பெரியம்மா, "நான்தான் சொன்னேனே, அவ வருவான்னு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள். அவள் சந்தோஷப்படுகிறாள் என்றே நினைத்தேன். இரண்டு வருஷமாக அவள் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்!

சித்திரையில் அம்மா அண்ணனோடு வந்தாள். வந்த அன்றே என் நிபந்தனையைச் சொல்லிவிட்டேன்: குட்டி வந்தால்தான் நான் வருவேன். இத்தனை தூரம் ரயிலில் பூனையா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் சாப்பிட மாட்டேன் என்றேன். மறுநாள் காலை வரைக்கும் சாப்பிடவும் இல்லை. கடைசியில் அம்மா இறங்கி வந்தாள். மூடி போட்ட பிரம்புக் கூடை ஒன்று வாங்கிவந்து, வழிக்குக் கொஞ்சம் பாலும் எடுத்துக்கொண்டு போகலாம் என்றாள். அண்ணன் கூடை வாங்கச் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டுவிட்டான்.

அப்போதுதான் பெரியம்மா தளிகை உள்ளிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

"அது இருக்கட்டும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "எது?"

"பூனை. இங்கயே இருக்கட்டும்."

எனக்கு வந்த கோபத்தை இந்த வயதில் எழுதிக் காட்ட முடியாது. தரையில் காலை உதைத்துக் கத்தினேன். "நீதானே சனியன்னு சொன்னே! நீதானே நம்ம பூனை இல்லைன்னு சொன்னே! நீதானே அதை அந்தப் பூனைகிட்டயே திருப்பிக் குடுக்கப் பாத்தே! இப்ப மட்டும் எதுக்கு உனக்கு?" அவள் மறுபடி, "அது இருக்கட்டும்" என்றாள், கொஞ்சம் மெதுவாக. நான் அம்மாவைப் பார்த்தேன். எனக்காகச் சண்டை போடுவாள் என்று பார்த்தேன். அம்மாவோ, "சரி மன்னி, இருக்கட்டும்" என்றாள், தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டான். பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள். எட்டு வயதுப் பெண்ணின் பூனையைப் பிடுங்குவதற்கு நாலு பேர்.

ஊருக்குக் கிளம்புகிறபோது பெரியவர்களைச் சேவித்துவிட்டுப் போக வேண்டும். பெருமாளைச் சேவித்தேன். பெரியப்பாவைச் சேவித்தேன். பெரியம்மாவைச் சேவிக்காமல் வாசலுக்கு நடந்துவிட்டேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு என் காதைத் திருகினாள், நான் அசையவில்லை. ஜங்ஷனுக்குப் போகிற ஜட்கா தெருவில் நின்றது. பெரியம்மா பின்னாலேயே வந்தாள். அவள் அப்போது மடியில் இருந்தாள், உலையை இறக்கிவிட்டு அப்படியே வந்திருந்தாள். நான் வழிப்பயணத்துக்கான உடுப்பில், மடிக்கு ஆகாத முழு விழுப்போடு இருந்தேன். அவள் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கை காதோரம் பட்டுவிட்டுக் கீழே இறங்கியது. குட்டி அவள் காலடியில் உட்கார்ந்து தன் பாட்டுக்கு முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. அதன் மேலும் எனக்குக் கோபம்தான்.

நாக்பூருக்குப் போய் இரண்டு மாதம் கழித்துப் பெரியப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. மற்றவர்களுக்கு எழுதியதெல்லாம் போக, ஓரத்தில் எனக்கென்று நாலு வரி. பூனை சௌக்கியம், நன்றாகப் பெருத்துவிட்டது. நாலரை மணியானால் தானாகவே வாசலுக்குப் போய் நிற்கிறது. உன் பெரியம்மாவும் கூடப் போய் நிற்கிறாள். அதை உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.

அண்ணன் அதை உரக்கப் படித்துவிட்டான். அவ்வளவுதான், நாக்பூர்த் தெரு முழுக்க நான் பூனையாகிவிட்டேன். அக்காவின் சிநேகிதிகள்கூட என்னைப் பார்த்து மியாவ் என்றார்கள். என் பூனையையும் பிடுங்கிக்கொண்டு, என் பெயரையும் எடுத்து அதற்கே வைத்திருக்கிறாளே, என்ன அக்கிரமம்! ஒரு போஸ்ட் கார்டு வாங்கி, பென்சிலை எச்சில் தொட்டுத் தொட்டு அழுத்தி எழுதினேன். 'பெரியம்மாவுக்கு. என் பேர் மனுஷாளுக்கு வைத்த பேர். அதைப் பூனைக்கு வைக்கக் கூடாது. உடனே எடுத்துவிடவும்.' நமஸ்காரம்கூடப் போடவில்லை. அம்மா கண்ணில் படாமல் நானே போய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. பெரியம்மாவுக்கு எழுதத் தெரியாது, பெரியப்பாதான் எழுதியிருந்தார். 'உன் கார்டைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். குழந்தை சொல்வது சரிதான் என்றாள். அன்றிலிருந்து உன் பெயரைச் சொல்லிப் பூனையைக் கூப்பிடுவதில்லை. ஒன்றும் சொல்லாமலேதான் வாசலுக்குப் போய் நிற்கிறாள். உனக்குத் திருப்திதானே?'

திருப்தியாகத்தான் இருந்தது. கார்டை அண்ணன் மூக்குக்கு நேரே நீட்டி, பார்த்தாயா என்று ஆட்டிக் காட்டினேன். பெரியம்மாவை ஜெயித்துவிட்டேன் என்று அன்று முழுக்கத் தலை நிமிர்ந்து திரிந்தேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட அந்த வீட்டில் அவளுக்கு வேறு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை.